ஐந்தாவது அட்டை

கிட்டாரில் கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்க்க எங்கள் வீட்டில் ஸ்கேல் வைப்பதில்லை. தறியில் ஓடித் தேய்ந்த ஜக்கார்டு அட்டையை விரல் அகலத்துக்கு நறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே நுழைப்போம். ஃப்ரெட் என்பது கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டை. நான்கு அட்டை நுழைந்து, கம்பி மேலே எழும்பாமல் நின்றால் உயரம் சரி. ஐந்து நுழைந்தால் அதிகம், அழுத்தும்போது விரலை அறுக்கும். மூன்றுதான் நுழைகிறது என்றால் கம்பி உலோகத்தில் உரசி இரையும். இந்த அளவுமுறையைக் கண்டுபிடித்தது நான். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

கிட்டார் என் தம்பியுடையது. அவன் வாசிப்பான், நான் அளப்பேன். கம்பி மாற்றுவது, துடைப்பது, சுருதி சரிபார்ப்பது, சனிக்கிழமைதோறும் அட்டை நுழைத்துப் பார்ப்பது எல்லாம் என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் போய் நிற்பது மட்டும் அவன் பொறுப்பு. எனக்கும் நாலைந்து கார்டு, அதாவது சுரக்கூட்டு, வாசிக்கத் தெரியும். ஆனால் நான் வாசித்தால் பாட்டு கணக்கு வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் இருக்கிறது என்று அவன் சொல்வான். உண்மைதான்.

ஆரணியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. காலையில் வெறும் வயிற்றோடு வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களின் விரலில் ஊசி குத்தும் ஆள் நான். அங்கேயும் அளவுதான் எல்லாம். ஒரு துளி கூடக்கூடாது, குறையக்கூடாது. குத்துவதற்கு முன்னால் "வலிக்குமாம்மா?" என்று கேட்பார்கள். பெரிய மீசை வைத்தவர்கள்தான் அதிகம் கேட்பார்கள். "அதெல்லாம் வலிக்காது, நடிக்காதீங்க" என்பேன். பத்து வருடமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வீட்டின் முன் அறை முழுவதையும் தறி பிடித்துக்கொண்டிருக்கிறது. தரையில் ஒரு குழி. அதில் காலை விட்டு அப்பா உட்காருவார். தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. ஓட்டை போட்ட அட்டைகள் நூலில் கோத்த சரமாக அதிலிருந்து தொங்கும். எந்த இழை எழும்ப வேண்டும், எது அடங்கிக் கிடக்க வேண்டும் என்பதை அந்த ஓட்டைகள்தான் தீர்மானிக்கும். தறி போக மிச்சமிருக்கும் இடத்தில்தான் எங்கள் சாப்பாடு, டிவி, குடும்ப ஜெபம் எல்லாம். அம்மா காலமான பிறகு நாங்கள் மூன்று பேர். அப்பா, நான், தம்பி.

தறிக்குப் பக்கத்துச் சுவரில் ஆணி அடித்துத் தம்பி கிட்டாரை மாட்டியிருந்தான். அப்பா தறிப் பலகையை இழுத்து அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் அதன் தடித்த கம்பி லேசாக முனகும். அடுத்த தெருவில் விசைத்தறிகள் ஓடும்போது அந்த முனகல் நிற்கவே நிற்காது. பழகிவிட்டதால் எங்களுக்கு அது காதில் விழுவதில்லை. வெளியாட்கள் வந்தால்தான் "யாருங்க உள்ள வாசிக்கறது?" என்று கேட்பார்கள்.

அப்பாவுக்கு அட்டை விஷயத்தில் ஒரே ஒரு சட்டம். புடவை பாதியில் நிற்கும்போது அட்டைச் சரத்தில் கை வைக்கக்கூடாது. ஏழு வயதில் நான் விசிறிக்கொள்ள ஓர் அட்டையை உருவினேன். அன்று நெய்த கரை முழுவதும் மாங்காய்க்குக் காம்பு இல்லாமல் போனது. அப்பா திட்டவில்லை. ஒரு நாள் வேலையை இழை இழையாகப் பிரித்தெடுத்தார். அப்போது அவர் சொன்னது இது: "ஓடிகினு இருக்கும்போது ஒண்ண எடுத்தா, அங்க மட்டும் தப்பாவாதுமா. அதுக்கப்பறம் வர்றதெல்லாம் தப்பாவும்."

போன வருடம் கோடையில் ஒரு ஞாயிறு. ஆராதனையில் தம்பி வாசித்தபோது மூன்றாவது ஃப்ரெட்டில் கம்பி இரைந்தது. ஒலிபெருக்கி வழியாக அது டின்னில் மணி உருட்டுகிற மாதிரி கேட்டது. பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு மானம் போனது. யாரும் கவனிக்கவில்லை என்று அவன் சொன்னான். நான் கவனித்தேனே.

வீட்டுக்கு வந்ததும் கம்பிகளைத் தளர்த்தினேன். கிட்டாரின் அடிப்பக்கத்தில் கம்பிகள் ஏறி உட்காரும் எலும்பு நிறத் துண்டு ஒன்று உண்டு, சாடில் என்பார்கள். அதை வெளியே எடுத்து, பரணில் கிடந்த பழைய அட்டையில் இரண்டு துண்டு நறுக்கி அடியில் வைத்தேன். சாடிலுக்கு அடியில் இரண்டு அட்டை ஏற்றினால் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஓர் அட்டை உயரம் கூடும். நாலே சரி என்ற என் கணக்கையும் மீறி நாலு ஐந்தானது. இரைச்சல் சுத்தமாக நின்றது.

ஒரு வாரத்தில் அவன் புலம்பத் தொடங்கினான். விரல் வலிக்கிறதாம். நுனியில் கோடு விழுகிறதாம். ஒரு வியாழக்கிழமை காலை, நான் அவசரமாக டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தபோது, சமையலறை வாசலில் வந்து இடது கையை நீட்டினான்.

"இத பாருக்கா. ரத்தமே வருது."

நான் பார்க்கவில்லை. "நடிக்காத. விரல் சோம்பேறியாயிடுச்சு, வேற ஒண்ணுமில்ல."

"ரெண்டு துண்டு அட்டைய எடுக்கறதுக்கு இவ்ளோ பேஜாரா? அர மணி நேர வேல."

"இரைச்சல் வந்தா அப்பறம் யாரு அசிங்கப்படறது? ஞாயித்துக்கெழம சாயந்தரம் பாக்கலாம், போ."

"நீ எடுக்க மாட்ட. நான் வேலூர்ல ரிப்பேர் கடைக்கே எடுத்துகினு போறேன். செல்போன் கடைக்கு லீவு சொல்லிட்டேன். ஜல்தி வந்துடுவேன்."

"போயேன். வேலூர்காரன் உன் தலையில மொளகா அரைப்பான்" என்றேன். அவன் சிரித்தான். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

கண்ணமங்கலம் தாண்டி, சாலை ஓரத்து ஜல்லியில் வண்டி சறுக்கியது. முகம் குப்புற விழுந்திருக்கிறான். கிட்டார் முதுகில் பைக்குள் இருந்தது. அதில் ஒரு கீறல்கூட இல்லை. மருத்துவமனையில் அவனுடைய சட்டையை ஒரு கவரிலும் கிட்டாரை அப்படியேவும் என் கையில் கொடுத்தார்கள். பையைத் திறந்து கம்பியைத் தட்டிப் பார்த்தேன். அந்த நேரத்தில் ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சுருதி சற்றும் இறங்கவில்லை.

வேலூருக்கு எதற்குப் போனான் என்று எல்லோரும் கேட்டார்கள். பாஸ்டர் கேட்டார், தேவிகாபுரத்து அத்தை கேட்டார், அவன் வேலை பார்த்த செல்போன் கடைக்காரர் கேட்டார். அப்பா எல்லோருக்கும் ஒரே பதில் வைத்திருந்தார். "கடை வேலயா போனான்." கடைக்காரரிடம் மட்டும், "சொந்த வேல இன்னாவோ இருந்துச்சாம்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு துண்டு அட்டையை எடுக்க எனக்கு அரை மணி நேரம் இல்லாததால் என் தம்பி செத்தான் என்று எப்படிச் சொல்வது? ஒவ்வொரு நாளும் தறிக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடும்போது சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். சாப்பாடு முடிந்துவிடும்.

அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை, கிட்டாரை ஆணியிலிருந்து இறக்கினேன். கம்பிகளைத் தளர்த்திச் சாடிலை எடுத்து அந்த இரண்டு துண்டுகளையும் உருவினேன். அவன் கேட்டபடி. மொத்தம் இருபது நிமிடம்தான் ஆனது, அரை மணிகூட இல்லை. மறுபடி சுருதி சேர்த்து அளந்தேன். நாலு அட்டை. உருவிய துண்டுகளைச் சுவர் மாடத்தில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். ரொம்ப நாள் கழித்துத் தூக்கம் வந்தது.

அடுத்த சனிக்கிழமை அளந்தேன். ஐந்து.

தப்பாக எண்ணிவிட்டேன் என்று மறுபடி அடுக்கினேன். ஐந்து அட்டையும் நோகாமல் உள்ளே போனது. கம்பியைத் தட்டினேன். வந்த சத்தம் எனக்குத் தெரிந்த எந்தச் சுருதியிலும் இல்லை. ஆறு கம்பிகளும் சம்பந்தமில்லாத ஆறு பேர் ஒரே நேரத்தில் பேசியதுபோல் ஒலித்தன. சாடிலைத் தூக்கிப் பார்த்தேன். அந்த இரண்டு துண்டுகளும் பழையபடி அடியில் உட்கார்ந்திருந்தன. மாடத்தில் போய்ப் பார்த்தேன், காலியாக இருந்தது.

நானே திரும்ப வைத்திருப்பேன், துக்கத்தில் மறந்திருப்பேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ரத்த மாதிரியில் பெயர் மாற்றி ஒட்டாத ஆள் நான். அந்தச் சமாதானம் சாயங்காலம் வரைக்கும் தாங்கவில்லை. அப்பாவிடம் கேட்டேன்.

"அப்பா, கிட்டார நீங்க எடுத்தீங்களா?"

தறியில் பாவு இழைகளைத் தடவிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கவில்லை. "எனக்கு இன்னாமா அது மேல வேல?"

அதுவும் நியாயம்தான். தம்பி உயிரோடு இருந்த காலத்தில் அவர் ஒரு நாளும் அதைத் தொட்டதில்லை.

துண்டுகளை மறுபடி உருவினேன். இந்த முறை மாடத்தில் வைக்கவில்லை. கிழித்து, காலையில் குப்பை வண்டி வந்தபோது நானே கொண்டுபோய்க் கொட்டினேன். வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த சனிக்கிழமை, ஐந்து.

சாடிலை எடுத்தேன். இரண்டு துண்டுகள், ஆனால் பழையவை இல்லை. புதிதாக நறுக்கியவை. ஓரம் பிசிறில்லாமல் இருந்தது. ஒன்றில் பாதி ஓட்டை, இன்னொன்றில் மீதிப் பாதி. ஒரே அட்டையின் இரு பக்கம். கம்பிகள் மறுபடியும் அந்த ஒட்டாத சத்தத்தைக் கொடுத்தன. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். ஆறும் ஒரே விறைப்பில் நின்றன. கிட்டாரில் அப்படி யாரும் முறுக்க மாட்டார்கள். தடித்த கம்பி ஒரு மாதிரி, மெல்லிய கம்பி வேறு மாதிரி இருக்கும். சுருதி என்ற ஒன்றே இல்லாத இடத்திலிருந்து வந்த யாரோ முறுக்கியிருப்பதாக எனக்குப் பட்டது.

அன்றிலிருந்து முன் அறையைக் கடக்கும்போது சுவர்ப் பக்கம் பார்க்க மாட்டேன். அவன் என்னை மன்னிக்கவில்லை. எந்த உயரத்தில் நான் விட்டேனோ, அதே உயரத்தில் அதைத் திரும்பத் திரும்ப நிறுத்துகிறான். இப்போது ஏன் இறக்குகிறாய், அன்றைக்கு இறக்கியிருக்கலாமே என்று கேட்கிறான். இதை நான் நம்பினேன். படித்தவள், ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள், ஜெபிக்கிறவள், எல்லாம் சரி. நம்பினேன். ஜெபத்தில்கூட அவன் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை.

பகலில்தான் அது மோசமாக இருந்தது. மத்தியானம் நான் சாப்பிட வீட்டுக்கு வருவேன். அப்பா தறியில் இருந்தால் கவலையில்லை, எல்லாம் பலகைச் சத்தத்தில் மூழ்கிவிடும். அவர் குளிக்கவோ கடைக்கோ போயிருந்தால், விசைத்தறிகளின் அதிர்வுக்குக் கம்பி முனகுவது கேட்கும். ஒரு நாள் கரண்ட் போனது. தெரு முழுக்க விசைத்தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஆரணிக்காரர்களுக்கு அந்த அமைதிதான் பயம். எல்லாம் அடங்கிய பிறகும் கம்பி மட்டும் முனகிக்கொண்டிருந்தது. கையில் சோற்றோடு எண்ணினேன். பதினொன்று எண்ணும்வரை கேட்டது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டபோது அத்தைக்கு உடம்பு முடியவில்லை என்று அப்பா தேவிகாபுரத்துக்கு பஸ் ஏறினார். நாலு நாள் வரமாட்டார். அவர் கிளம்பிய பிறகு நான் ஒரு வேலை செய்தேன். துண்டுகளை உருவி அடுப்பில் போட்டேன். சாம்பலானதைப் பார்த்தேன். போன் செயலியை வைத்து ஆறு கம்பியையும் சரியான சுருதியில் நிறுத்தினேன். அளந்தேன், நாலு. வேலைக்குப் போகும்போது கதவைப் பூட்டிச் சாவியை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். வீட்டில் வேறு யாரும் இல்லை, வேறு சாவியும் இல்லை. அப்பாமேல் அடிமனதில் ஒரு சந்தேகம் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இத்தனை ஏற்பாடு எதற்கு?

மூன்று நாள் கிட்டார்ப் பக்கம் போகவில்லை. சனிக்கிழமை மத்தியானம் அட்டைகளை எடுத்துக்கொண்டு போனேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு நுழைத்தேன். தடையில்லாமல் போனது.

மழை ஈரத்தில் மரம் ஊதும், ஊதினால் கம்பி உயரும். இது எனக்குத் தெரியும். அதையே பலமாகப் பிடித்துக்கொண்டேன். ஆனால் கம்பியைத் தட்டியபோது அந்த ஒட்டாத சத்தம் வரவில்லை. அழகாக, ஒத்து ஒலித்தது. செயலியைத் திறந்து பார்த்தேன். ஆறு கம்பியும், ஒன்றுகூடப் பிசகாமல், அரைச் சுருதி கீழே இறங்கியிருந்தன.

தம்பிக்கு மேல்ஸ்தாயி எட்டாது. அதனால் நான் எவ்வளவு சரியாக நிறுத்தினாலும், வாசிப்பதற்கு முன்னால் எப்போதும் அவனே அரைச் சுருதி இறக்கிக்கொள்வான்.

நான் சாடிலைத் திறக்கவில்லை. தைரியம் இல்லை. கிட்டாரை ஆணியில் மாட்டினேன். குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய், அப்பா வரும் நாள்வரை பக்கத்து வீட்டு அக்காவோடு தங்கினேன். மழை ஒழுகுகிறது என்று காரணம் சொன்னேன்.

அதற்குப் பிறகு பல மாதம் அதைத் தொடவில்லை. சனிக்கிழமை அளப்பதையும் விட்டேன். அப்பா ஒரு தடவை, "அளக்கறத விட்டுட்டியாமா?" என்று கேட்டார். "நேரமில்லப்பா" என்றேன். அவர் முகத்தில் அன்று ஒரு நிம்மதி தெரிந்தது. அது எதற்கு என்று அப்போது புரியவில்லை.

தம்பியின் முதல் வருட நினைவு ஜெபக்கூட்டம் வந்தது. வீட்டிலேயே வைப்பதாக ஏற்பாடு. அவன் அடிக்கடி பாடும் பாட்டை நானே வாசிக்கிறேன் என்று பாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. அவன் கேட்டதை அவன் நாளிலாவது செய்துவிட வேண்டும், நாலு அட்டை உயரத்தில் ஒரு பாட்டாவது அந்தக் கிட்டாரில் ஒலிக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம். செவ்வாய்க்கிழமை சாடிலைத் தூக்கினேன். இரண்டு துண்டுகள் இருந்தன. கண்ணை மூடிக்கொண்டு உருவினேன். கைப்பையில் போட்டு என்னோடு வேலைக்கு எடுத்துப் போனேன்.

புதன்கிழமை மத்தியானம் பரிசோதனைக் கூடத்தில் கரண்ட் இல்லை. சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். எங்கள் தெருவிலும் கரண்ட் இல்லை. ஒரு தறியும் ஓடவில்லை. வாசற்படியில் செருப்பைக் கழற்றும்போது கேட்டது. உள்ளே, கிட்டாரின் முறுக்காணி கிறீச்சிட்டது. தொடர்ந்து ஒரு கம்பி தளர்ந்து, குரல் இறங்கி இறங்கி, நின்றது. அடுத்த ஆணி. அடுத்த கம்பி.

ஓடத் தோன்றவில்லை என்பதுதான் ஆச்சரியம். ஒரு வருடம் அடக்கி வைத்திருந்தது வாயில் வந்தது.

"டேய், போதும்டா. நான்தான் தப்பு. என்ன விட்டுடுடா."

உள்ளே சத்தம் நின்றது. பிறகு அப்பாவின் குரல் வந்தது. "யாரு... நீயாமா?"

அப்பா தறிக்குழியில் உட்கார்ந்திருந்தார். பாதி நெய்த அரக்கு நிறப் புடவையின்மேல் துண்டை விரித்து அதன்மேல் கிட்டாரைப் படுக்க வைத்திருந்தார். கம்பிகள் தொளதொளவென்று கிடந்தன. இழையைக் கவ்வுவதுபோல் இரண்டு அட்டைத் துண்டுகளை உதட்டில் கவ்வியிருந்தார். பக்கத்தில் தறிக் கத்தரிக்கோல். என்னைப் பார்த்ததும் துண்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டார். அவர் ஒளிக்கவில்லை.

கட்டைவிரலை ஓட்டி எல்லா இழையும் ஒரே விறைப்பில் நிற்கிறதா என்று பாவைப் பார்ப்பாரே, அதே மாதிரி கிட்டாரையும் முறுக்கியிருக்கிறார். நெசவாளி பெற்ற மகள், எனக்கு இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

"இத எடுக்காதமா" என்றார். கெஞ்சுகிற குரல். என்னிடம் அவர் அந்தக் குரலில் பேசியதே இல்லை.

"ஏம்ப்பா?"

"அவன் இத எடுக்கத்தானே போனான்."

தறிமேடை ஓரத்தில் உட்கார்ந்தேன். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"வண்டி எடுக்கறப்ப சொன்னானே. 'அக்கா வச்ச அட்டைய எடுத்துகினு வந்துடறேன்பா'ன்னான். நான் சொன்னேன், ஓடிகினு இருக்கும்போது அட்டையில கை வைக்காதடா, ஞாயித்துக்கெழம அவளே பாக்கறேன்னு சொல்றா இல்லன்னு. இது தறி இல்லப்பான்னு சிரிச்சான்."

"அப்பறம் ஏன் எல்லார்கிட்டயும் கடை வேலன்னு சொன்னீங்க?"

"இல்லன்னா உன்ன கேப்பாங்களேமா."

அவ்வளவுதான் சொன்னார். ஒரு வருடம் நான் மறைத்ததாக நினைத்ததை அவர் மறைத்துக்கொண்டிருந்தார், எனக்காக. அழுகை வந்தது, அழுதேன். நான்தான் அட்டை வைத்தேன், நான்தான் எடுக்க மறுத்தேன், விரலை நீட்டினான், நான் பார்க்கவில்லை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அப்பா துண்டுகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"மொதல்ல நீ எடுத்தப்ப மாடத்துல கெடந்துச்சு. பாத்ததும் எனக்கு ஒடம்பு ஆடிப்போச்சு. எடுக்கப் போனவன் திரும்பி வரல. இப்ப நீ எடுத்துட்டு தினம் வண்டியில வேலைக்குப் போற. தெருமுன திரும்பற வரைக்கும் நான் வாசல்ல நின்னுகினு இருப்பேன். உனக்குத் தெரியாது. அதான் வச்சிட்டேன். ரெண்டாம் தடவ புதுசா நறுக்கி வச்சேன். இப்ப மூணாம் தடவ."

"மூணா?" என்றேன்.

"ஆமா. நடுவுல நான் தேவிகாபுரத்து அக்கா ஊட்டுக்குப் போயிட்டு வந்து தெறந்து பாத்தேன். உள்ளயே இருந்துச்சு. நீயேதான் மனசு மாறி வச்சிட்டன்னு நெனச்சேன். அன்னிக்கி எவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?"

நான் அடுப்பில் எரித்தேன். சாம்பலைப் பார்த்தேன். கதவு பூட்டியிருந்தது. சாவி என்னிடம் இருந்தது. கரண்ட் இல்லாத அந்த அமைதியில், தறிமேல் கிடந்த கிட்டாரை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா என் முகத்தையும் பார்த்தார். பதிலுக்காகக் காத்திருந்தார். அவர் கண்ணில் ஒரு சின்னப் பயம் எழுந்துகொண்டிருந்தது.

"ஆமாம்பா" என்றேன். "அது நான்தான் வச்சேன்."

அவர் மூச்சு விட்டார். எனக்காக ஊர் முழுக்கச் சொன்ன பொய்க்கு நான் திருப்பித் தந்த ஒரே பொய் அது. பிறகு நானே சாடிலைத் தூக்கிப் பிடித்தேன், அவர் துண்டுகளை வைத்தார். கம்பிகளை நான் முறுக்கினேன். அரைச் சுருதி இறக்கித்தான் முறுக்கினேன்.

நினைவுக் கூட்டத்தன்று தறியைச் சுற்றிப் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். தொடங்குவதற்கு முன்னால் அளந்தேன். ஐந்து. அந்த மழை நாட்களில் யார் எந்த நினைப்பில் அதை அங்கே நிறுத்தினார்களோ, அப்பாவைப் போலவே நான் பத்திரமாகத் திரும்பி வர வேண்டும் என்று நிறுத்தியதாகவே எடுத்துக்கொள்ள முடிவு செய்தேன். அது கோபம் என்று நினைத்தபடி இனியும் அந்த வீட்டில் என்னால் இருக்க முடியாது.

வாசித்தேன். முதல் சரணத்திலேயே விரல் நுனி எரிந்தது. இரண்டாவதில் கம்பி சதைக்குள் இறங்குவது தெரிந்தது. மூன்றாவது சரணத்தில் கண்ணில் நீர் வந்தது, அது துக்கத்தினால் என்று எல்லோரும் நினைத்தார்கள். பாட்டு முடிந்து கையைத் திருப்பிப் பார்த்தேன். நாலு விரலிலும் சிவப்புக் கோடு. நடுவிரலில் ஒரு துளி ரத்தம் நின்றது. அவன் அன்று நீட்டிய கையை நான் அப்போதுதான் பார்த்தேன்.

மறுநாள் காலை பரிசோதனைக் கூடத்தில் வரிசை வழக்கம்போல் நீளம். முதல் ஆள் ஒரு பெரியவர். வெறும் வயிற்றின் சோர்வோடு உட்கார்ந்து, விரலை நீட்டி, ஊசியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வலிக்குமாம்மா?"

"வலிக்குங்க" என்றேன். அவர் விரலைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.